ஐந்தாவது அண்ணனின் தோள்

கரையானுக்கு மருந்தடிக்கப் போன இடத்தில்தான் அவருக்கு நடிப்புத் தொழில் வாய்த்தது. வேண்டி விரும்பிப் போனதல்ல. முதுகில் மருந்து டப்பா, மூக்கை மூடிய துணி, முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் என்று அந்தப் பழைய பங்களாவின் வாசலில் போய் நின்றார். உள்ளே கூடத்தில் ஒரு பெண், அழுவதற்கு எதிரே ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

பூச்சிமருந்து நிறுவனமொன்றில் அவர் நெடுநாளைய ஊழியர். நாற்பதைத் தாண்டிய வயது. நடுத்தர உயரம். எந்தக் கூட்டத்திலும் உடனே கரைந்துபோகிற முகம். குடும்பப் புகைப்படங்களில் அவர் நின்ற இடத்துக்கு நேர் முன்னால் யாராவது ஒருவர் கையைத் தூக்கியிருப்பார். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். மாமியார் கூடவே இருந்தார். கரப்பான், மூட்டைப்பூச்சி, கொசு, கரையான் என்று அவர் பாட்டுக்கு அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பங்களாவை அதன் சொந்தக்காரர்கள் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். படிக்கட்டுக் கைப்பிடியில் கரையான் ஏறிவிட்டது என்று போன் போனதால் இவர் வந்தார்.

"யாருப்பா அது வாசல்ல?" என்று உள்ளேயிருந்து டைரக்டர் கத்தினார்.

"கரையான் மருந்து சார்."

டைரக்டர் எழுந்து வந்தார். வழக்கமாக ஜனங்கள் ஒரு புது ஆளை மேலும் கீழுமாகப் பார்ப்பார்கள். இவர் மேலே மட்டும் பார்த்தார், கழுத்திலிருந்து தோள் வரைக்கும். பிறகு கேமராமேன் பக்கம் திரும்பி, "உயரம் சரியா வருமா?" என்றார்.

"தோள் கொஞ்சம் சரிவு. கோட்டு போட்டா நிமிந்துடும்."

விஷயம் இதுதான். கதாநாயகன் வந்து, தன் முகம் வரவேண்டியதை எல்லாம் நடித்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு தொடரில் நடிக்கப் பறந்துவிட்டான். கதாநாயகியின் முகத்தை இனிமேல்தான் எடுக்க வேண்டும். அவள் அவனைப் பார்த்து அழ வேண்டும். அவனோ இல்லை.

"முகம் தெரியுமா சார்? எங்க ஆபீஸ்ல கேப்பாங்க."

"தெரியாது. காது தெரியும், தோள் தெரியும். அவ்வளவுதான்."

"அப்புறம் நான் எதுக்கு? அவங்க மட்டும் தனியா பேசிட்டுப் போகட்டுமே."

கேமராமேன் பொறுமைசாலி. கையாலேயே அளந்து காட்டினார். வீடு முழுக்கத் தெரிந்தால் லாங் ஷாட். இடுப்புக்கு மேலே மட்டும் தெரிந்தால் மிட் ஷாட். முகம் மட்டும் என்றால் க்ளோசப். ஒருவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து எதிராளியின் முகத்தைப் பார்த்தால் அதற்குப் பெயர் சஜஷன்.

"தனியா நின்னு அழுதா பைத்தியம்னு நினைச்சு சேனலை மாத்திடுவாங்கண்ணே. ஓரத்துல ஒரு தோள் இருந்தா, அது குடும்பக் கதை."

டப்பாவைக் கழற்றி மூலையில் வைத்தார்கள். கதாநாயகனின் கோட்டை மாட்டிவிட்டார்கள். இடுப்புக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் அப்படியே இருந்தது. அது யாருக்குத் தெரியப்போகிறது? மேக்கப்காரர் வலது காதுக்குப் பின்னால் இருந்த மிளகு அளவு மச்சத்தின் மேல் பவுடரை அப்பினார். கதாநாயகனுக்கு அங்கே மச்சம் கிடையாது.

"ஆக்‌ஷன்" என்றதும் அந்தப் பெண் அவருடைய சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினாள்.

"சொல்லுங்க! என் குழந்தையை எங்க கொண்டுபோய் விட்டீங்க?"

அவருக்குக் கதையின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. ஒரு தாய் தன் குழந்தையைக் கேட்கிறாள், அவ்வளவுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. உதடு துடித்தது. அந்த முகத்தைக் கேமரா பார்க்கவில்லை. எதிரே நின்ற பெண் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தாரை தாரையாகக் கொட்டியது. கிளிசரின் பாட்டிலைத் திறந்துகொண்டே வந்த மேக்கப்காரர் திறந்தபடியே நின்றுவிட்டார்.

"கட்!"

"குழந்தை கிடைச்சுடுமாம்மா?" என்று அவர் கேட்டார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "டைரக்டர் சார், நாளைக்கும் இவரையே நிக்கச் சொல்லுங்க. ஹீரோ எதிர நின்னா போனைத்தான் பாப்பாரு. இவரு கேக்குறாரு சார். நான் சொல்றதைக் கேக்குறாரு."

கரையானுக்கு அன்று மருந்தடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. படப்பிடிப்பு நடக்கும்போது நாற்றம் ஆகாது என்றார்கள். படப்பிடிப்பு இல்லாத நாளே அந்த வீட்டில் இல்லை. நிறுவனத்திலிருந்து போன் வரும். "அந்த வீட்டு வேலை இன்னுமா முடியல?" "பெரிய வீடு சார்" என்று இவர் சொல்லுவார். கடைசியில் நிறுவனமே பொறுமை இழந்து, நீங்கள் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று கணக்கை முடித்து அனுப்பிவிட்டது. கரையானும் அங்கேயே இருந்துகொண்டது.

அந்தத் தொடரில் முக்கியமான ஆண்கள் நான்கு பேர். கதாநாயகன், டாக்டர், இன்ஸ்பெக்டர், கொலைகாரன். நான்கு நடிகர்களும் ஆளுக்கு மூன்று தொடர்களில் நடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வரும் நாளில் இன்னொருவன் வரமாட்டான். பார்ப்பவர்களுக்கு அவர்கள் நேருக்கு நேர் நின்று சண்டை போடுவதுபோல இருக்கும். உண்மையில் ஒவ்வொருவனும் இந்த ஒரே மனிதரிடம்தான் சண்டை போட்டான். வெள்ளைக் கோட்டு மாட்டினால் டாக்டரின் தோள். காக்கிச் சட்டை மாட்டினால் இன்ஸ்பெக்டரின் தோள். காலரைத் தூக்கிவிட்டால் கொலைகாரன். ஒரே நாளில் கொலைகாரனாக நின்று இன்ஸ்பெக்டரிடம் திட்டு வாங்கி, சட்டையை மாற்றிக்கொண்டு இன்ஸ்பெக்டராக நின்று கொலைகாரனிடம் மிரட்டல் வாங்குவார்.

அவருக்குப் பெயர் ஒன்று இருந்ததையே அங்கே எல்லோரும் மறந்துபோனார்கள். "தோளுக்கு டீ குடுத்தாச்சா?" "தோள் பாத்ரூம் போயிருக்கு, ஒரு நிமிஷம்." மரியாதை தெரிந்தவர்கள் தோள் சார் என்றார்கள்.

வீட்டில்தான் சிக்கல் ஆரம்பித்தது. மாமியார் அந்தத் தொடரை ஒருநாள் விடாமல் பார்ப்பவர். மருமகனுடைய தோள் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அன்றைக்கு அது டாக்டரின் தோளாக இருந்தால், "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க, முதல்ல நீங்க சாப்பிடுங்க" என்பார். தனக்கு முழங்கால் வலிக்கிறது என்றும் சொல்லிக்கொள்வார். கொலைகாரனாக இருந்தால் வாயே திறக்க மாட்டார். தட்டை அவர் முன்னால் ணங்கென்று வைத்துவிட்டு, தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்.

"அத்தை, அது வெறும் தோள்தான் அத்தை" என்று இவர் கதவுக்கு வெளியே நின்று சொல்லுவார்.

"தெரியும் மாப்பிள்ளை. ஆனா அந்தப் பொண்ணு அவ்வளவு கெஞ்சுது, ஒரு தோளு கொஞ்சமாவது அசைஞ்சுச்சா? கல்லு மாதிரி நின்னீங்களே!"

"அசையக் கூடாதுன்னு கேமராமேன் சொல்லியிருக்காரு."

"நல்லவனா இருந்தா அசைஞ்சிருக்கும்."

மனைவி இரண்டு பக்கமும் பேசமாட்டாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால், "இன்னிக்கு யாரா வர்றீங்க?" என்று மட்டும் கேட்டுக்கொள்வாள். பதிலைப் பொறுத்து அம்மாவின் தட்டை மேசையில் வைப்பதா, அறைக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்ய வேண்டுமே.

இப்படியே போயிருக்கும். மேக்கப்காரருக்கு ஜலதோஷம் பிடித்த வாரத்தில் எல்லாம் தலைகீழானது. தும்மல் தாங்காமல் அவர் பவுடர் பக்கமே போகவில்லை. அந்த வாரம் முழுக்க, வலது காதுக்குப் பின்னால் அந்த மச்சம் பளிச்சென்று ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்தது.

சேனலுக்குப் போன் மேல் போன். "டாக்டருக்கும் மச்சம், இன்ஸ்பெக்டருக்கும் அதே எடத்துல மச்சம், கொலைகாரனுக்கும் அதே மச்சம். எங்க காதுல பூ சுத்துறீங்களா?"

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கதை எழுதுகிறவர் மட்டும் எழுந்து நின்றார். அவருக்குப் பல வாரங்களாகவே அடுத்து என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தது.

"சார், நாலு பேரும் ஒரே வயித்துல ஒரே நாள்ல பொறந்தவங்க. சின்ன வயசுலயே பிரிஞ்சுட்டாங்க. மச்சம்தான் அடையாளம்."

"யோவ், ஹீரோவுக்கு முப்பது வயசு கூட ஆகல. இன்ஸ்பெக்டருக்கு அறுபது ஆகப்போகுது. ஒரே நாள்ல எப்படிய்யா பொறப்பாங்க?"

"போலீஸ் உத்தியோகம் சார். கவலையில ஒடம்பு சீக்கிரம் தளர்ந்துபோச்சு."

டைரக்டருக்கும் வேறு வழி தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து நான்கு நடிகர்களுக்கும் வலது காதுக்குப் பின்னால் மை வைத்து மச்சம் வரைந்தார்கள்.

கதாநாயகனுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தன் காதுக்குப் பின்னால் எவனுடைய மச்சத்தையோ சுமப்பதா? படப்பிடிப்புத் தளத்தில் சுற்றும் முற்றும் பார்த்து, "யார் மச்சம் இது? வரச்சொல்லு அந்த ஆளை" என்றான். இவ்வளவு காலத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஒருவன் போன பிறகுதான் மற்றவர் வருவார்.

"நான்தான் தம்பி" என்று இவர் போய் நின்றார். "தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க அப்பா வழியில வந்தது."

கதாநாயகன் அவரைப் பார்த்தான். பிறகு, "கொஞ்சம் திரும்புங்க" என்றான். இவர் திரும்பினார். "ஆமா, நான்தான்" என்று கதாநாயகன் முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டான்.

அன்றிலிருந்து அந்த மச்சம் அவருடைய சொந்தச் சொத்தாக இல்லை. முடிவெட்டிக்கொள்ளப் போனால் புரொடக்‌ஷன் மேனேஜர் கூடவே வந்தார். "பின்பக்கம் பாத்து, பாத்து! கத்தி பட்டுச்சுன்னா கதையே போச்சு" என்று கடைக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் சாய்ந்து படுக்கக்கூடாது என்று உத்தரவு. கொசு கடித்துவிட்டால் என்ன செய்வது என்று வீட்டுக்கே ஒரு கொசுவலை அனுப்பினார்கள். ஒரு காலத்தில் ஊரின் கொசுக்களை எல்லாம் ஒழித்துக்கொண்டிருந்தவர் வலைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

பிறகு அண்ணன் தம்பிகள் ஒன்றுசேரும் காட்சி வந்தது. நான்கு நடிகர்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்த டைரக்டர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. படிக்கட்டில் நால்வரும் வரிசையாக நிற்க, நடுவில் கதாநாயகி. பெரிய லாங் ஷாட். கரையான் தின்ற கைப்பிடியை யாரும் தொடக்கூடாது என்று எச்சரித்திருந்தார்கள். எல்லோருக்கும் அவசரம். கேமராமேன் கண்ணை வைத்துப் பார்த்தார். ஏதோ குறைகிறதே என்று தோன்றியது. பழக்கம் யாரை விட்டது?

"தோள் எங்கப்பா? தோளைக் கூப்பிடு!"

இவர் ஓடிவந்து தன் இடத்தில் நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. காட்சி ஒரே டேக்கில் முடிந்தது. நான்கு நடிகர்களும் நான்கு கார்களில் நான்கு திசையில் போனார்கள்.

அது ஒளிபரப்பான அன்று மாமியார் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை. நாலு பேரும் அந்தப் பக்கம் நிக்கிறாங்க."

"ஆமா அத்தை."

"அப்ப இந்தப் பக்கம் நிக்கிறது யாரு?"

சேனலுக்கு வந்த போன்களிலும் இதே கேள்விதான். நால்வரும் எதிரே நிற்க, ஓரத்தில் மச்சத்தோடு நிற்கிற அந்தத் தோள் யாருடையது? ஒருவாரம் நாடே இதைப் பேசியது என்று சொன்னால் மிகை. ஆனால் அவர்கள் தெருவில், பஸ்ஸில், மனைவி வேலை செய்த கண்ணாடிக் கடையில் எல்லாம் இதே பேச்சுதான்.

கதை எழுதுகிறவருக்குத் தலைகால் புரியவில்லை. "அஞ்சாவது அண்ணன் சார்! ஒரு நிமிஷம் முன்னாடி பொறந்தவன். இத்தனை நாளா நிழல் மாதிரி இருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்திருக்கான்!"

"அவனை யாரு நடிக்கிறது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தோள் சார் ஓரமாக நின்று பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு முழு க்ளோசப். வசனத்தோடு. வீட்டில் சொன்னபோது மனைவி அவர் முகத்தையே பார்த்தாள். கடையில் லீவு சொல்லிவிட்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு வந்தாள். மாமியார் இருந்ததிலேயே நல்ல உடையை உடுத்தி, யாரும் சொல்லாமலே டைரக்டரின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

கேமராவை அவருக்கு நேர் எதிரே வைத்தார்கள். கேமராவின் முன்பக்கத்தை அவர் அன்றுதான் சரியாகப் பார்த்தார்.

"ரெடி. ஆக்‌ஷன்!"

அவர் சட்டென்று திரும்பி முதுகைக் காட்டி நின்றார்.

"சார், இந்தப் பக்கம்! மூஞ்சி இந்தப் பக்கம்!"

"மன்னிச்சுக்குங்க. ஆக்‌ஷன்னு சொன்னாலே திரும்பிடுது."

ஆக்‌ஷன் என்று சொல்லாமல் டைரக்டர் கையை மட்டும் அசைத்துப் பார்த்தார். அவர் நேராக நின்றார், ஆனால் வசனம் வரவில்லை. எதிரே யாருமே இல்லையே, யாரிடம் பேசுவது? ஒரு தோள் வேண்டும். கதைப்படி எதிரே நிற்க வேண்டியவன் கதாநாயகன். அதிசயமாக அவன் அன்று அங்கே இருந்தான். கொஞ்சம் நிற்கச் சொன்னார்கள்.

"நான் தோளா?" என்றான் அவன்.

"ஒரே ஒரு ஷாட் தம்பி."

நின்றான். இவர் வாயைத் திறந்தார். கதாநாயகனின் தலை மெல்ல, ஒரு சூரியகாந்திப் பூவைப்போல, கேமரா இருக்கும் பக்கமாகத் திரும்பியது. முதலில் காது, பிறகு கன்னம், பிறகு மூக்கு. "தம்பி, இது சஜஷன். ரெண்டு மூஞ்சியும் தெரியிற டூ ஷாட் இல்ல" என்றார் கேமராமேன். மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரும்பியது. வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். அவன் கழுத்துக்கு வேறு எதுவும் தெரியாது. கடைசி டேக்கில் அவன் முழு முகத்தோடு புன்னகை செய்துகொண்டிருந்தான். இவர் அவனுக்குப் பின்னால் மறைந்தே போனார்.

அப்போது கதாநாயகி எழுந்து வந்தாள். "தள்ளுங்க. நான் நிக்கிறேன்."

கதாநாயகனின் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டாள். கூந்தலைத் தூக்கிக் கோட்டுக்குள் சொருகினாள். உயரம் பத்தாததால் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "சொல்லுங்கண்ணே. நான் கேக்குறேன்."

அவர் சொன்னார். "நான்தான் உங்க எல்லாருக்கும் மூத்தவன். கூப்பிட மாட்டீங்களான்னு இத்தனை நாளா இங்கேயேதான் நின்னுக்கிட்டிருந்தேன்." எழுதிக் கொடுத்த வசனம்தான். சொல்லி முடித்தபோது மரப்பெட்டி லேசாக ஆடியது. மேலே நின்றவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

மானிட்டர் பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். நாளெல்லாம் முகங்களை அளந்து கண்ணாடி மாட்டிவிடுகிற வேலை அவளுடையது. திரை முழுக்க நிறைந்திருந்த அந்த முகத்தை அப்படிப் பார்த்தாள். பக்கத்தில் வந்த அவரிடம், "உங்களுக்கு இடது புருவம் கொஞ்சம் மேல இருக்குங்க. நான் இத்தனை வருஷமா பாக்கவே இல்ல" என்றாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஒளிபரப்பான அன்று மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். ஐந்தாவது அண்ணன் திரும்பினான். க்ளோசப். வசனம். விளம்பரம். மாமியார் பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க மாப்பிள்ளை. ஒரு குறையும் சொல்ல முடியாது."

"ஆனா?"

"ஆனா அவன் இப்படி இருக்க மாட்டான்."

"அத்தை, அந்தத் தோளே என்னோடதுதானே!"

"தோள் உங்களோடதுதான். யாரு இல்லேன்னா? ஆனா அந்தத் தோளுக்கு இந்த முகம் பொருந்தல. வேற மாதிரி இருப்பான்னு நினைச்சேன்."

மாமியார் மட்டுமல்ல. சேனல் போன் மறுபடி மணியடித்தது. இவன் யாரோ போலி என்றார்கள். உண்மையான அண்ணனை எங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. அன்று சாப்பிடவும் இல்லை. மனைவி கடையிலிருந்து கொண்டுவந்திருந்த கைக்கண்ணாடியை எடுத்து, அவரை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தி, அவர் தலைக்குப் பின்னால் பிடித்தாள். திரையில் அல்லாமல் தன் தோளை அவர் முதன்முதலாகப் பார்த்தார். சரிவு, பின்கழுத்து, காது, மச்சம். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். "அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

ரசிகர்கள் போலி என்று சொன்ன பிறகு டைரக்டர் வேறென்ன செய்வார்? ஐந்தாவது அண்ணன் போலிதான் என்று கதை திரும்பியது. போலியை இன்ஸ்பெக்டர் கைது செய்ய வேண்டும். போலியின் முகம் இவருடையது. அதை இன்ஸ்பெக்டரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் நடிகர் அன்று வேறொரு தொடரில் உயிரைவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய தோளோ எதிர்ப்பக்கம் விலங்கோடு நின்றது.

"இந்த உயரத்துல, இந்த சரிவுல ஒரு தோள் வேணும்" என்று கேமராமேன் கண்ணை ஓடவிட்டார். ஓடிய கண், டைரக்டர் நாற்காலியில் போய் நின்றது. ஒருமுறை வந்ததிலிருந்து மாமியார் தினமும் வந்துகொண்டிருந்தார்.

காக்கிச் சட்டை அவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தியது. தொப்பிக்குள் முடியைத் திணித்தார்கள். காதுக்குப் பின்னால் மச்சம் வரைந்தபோது, "கூசுது" என்றார். ஆக்‌ஷன் என்றதும் மருமகனின் காலரைப் பிடித்தார்.

"எத்தனை நாளா எங்களை ஏமாத்திக்கிட்டிருந்த? நடடா ஸ்டேஷனுக்கு!"

"அம்மா, கட்! நீங்க பேச வேண்டாம். உங்க வாய் தெரியாது."

"பேசாம எப்படிங்க அரெஸ்ட் பண்றது?"

பேசியே எடுத்தார்கள். குரலைப் பிறகு மாற்றிக்கொண்டார்கள். அந்தக் காட்சியில் மருமகனின் முகத்தில் தெரிந்த பயத்தைப் பார்த்து ஊரே மூக்கில் விரலை வைத்தது. அவர் நடித்ததிலேயே அதுதான் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அவரைக் கேட்டால், நடிக்கவில்லை என்பார்.

போலி ஜெயிலுக்குப் போனான். உண்மையான ஐந்தாவது அண்ணன் கடைசி வரைக்கும் திரும்பவே இல்லை. அவர் மறுபடி தன் பழைய இடத்துக்கு, கேமராவுக்கும் கதாநாயகிக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நின்றார். உடம்பு தானாகவே இளகியது. அவள், "வந்துட்டீங்களாண்ணே" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். மாமியாருக்கும் அந்தத் தளத்தில் ஒரு வேலை நிரந்தரமானது. நர்ஸ், நீதிபதி, வில்லி என்று எந்தப் பெண்ணின் தோள் வேண்டுமானாலும் அவரைக் கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறார்கள். யாருக்கு இன்று அதிகக் காட்சி என்று வழியெல்லாம் வாக்குவாதம்.

அந்தத் தொடர் முடிந்து வேறு தொடர்கள் வந்துவிட்டன. ஒருநாள் மாமியாருக்கு வேலை இல்லை. தோள் சார் மட்டும் மத்தியானப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தார். பின் சீட்டிலிருந்து யாரோ தோளை லேசாகத் தட்டினார்கள்.

"நீங்கதானே?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

அவர் திரும்பப் போனார்.

"வேண்டாம், திரும்பாதீங்க. அப்படியே இருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

அவர் அப்படியே இருந்தார். அந்தப் பெண் சொல்ல ஆரம்பித்தாள். தையல் கடையில் வேலையாம். கூடப்பிறந்த அக்காவோடு பேச்சு நின்று வெகுகாலமாம். ஒரு இஸ்திரிப் பெட்டிக்காக ஆரம்பித்த சண்டை. அக்கா இப்போது அதே தெருவுக்குக் குடிவந்திருக்கிறாள், தினமும் எதிரே வருகிறாள், தலையைக் குனிந்துகொண்டு போகிறாள். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்தால் அவள் பேச்சு அறுந்துவிடும். எழவில்லை. நேற்று அக்கா வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று போய், படியேறி, கையைத் தூக்கி நின்றாளாம். உள்ளே காலடிச் சத்தம் கேட்டதாம்.

பஸ் நின்றது. "ஐயோ, என் ஸ்டாப்பு" என்று அவள் அவசரமாக இறங்கிப் போய்விட்டாள். கூட்டத்தில் யார் அவள் என்று அவருக்குத் தெரியவில்லை.

வெகுதூரம் திரும்பி நடந்து வீட்டுக்கு வந்தார். ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்ட மனைவியிடமும் மாமியாரிடமும் நடந்ததைச் சொன்னார். இருவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"கதவைத் திறந்தாளா?" என்றாள் மனைவி.

"தெரியல. அதுக்குள்ள எறங்கிட்டாங்க."

"கூடவே எறங்கிக் கேக்க வேண்டியதுதானே!"

"திரும்பாதீங்கன்னு சொன்னாங்களே."

மாமியார் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார். "நானா இருந்தா கேட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.